தூணுக்குப் பின்னால் ஒருவர்

ஜனவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். நீ நலமா என்று போனில் கேட்டால், "நல்லாத்தான் இருக்கேன், மீட்டிங்ல இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். போன வாரம் நாம் போட்ட சண்டைக்குப் பிறகு போனும் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். இனி கடிதம்தான். எழுத்தில் இருந்தால், "நான் அப்படிச் சொல்லவே இல்லியேக்கா" என்று நீ நழுவ முடியாது.

தியேட்டரைத் திறக்கலாம் என்று உத்தரவு வந்துவிட்டது. இருநூற்று நாற்பது இருக்கையில் ஒன்று விட்டு ஒன்று, நூற்றிருபது பேருக்குத்தான் அனுமதி. பத்து மாதம் பூட்டிக் கிடந்ததில் எலிகள் இரண்டு வரிசை மெத்தையைக் காலி செய்திருக்கின்றன. ஆபரேட்டர் மட்டும் வாரம் ஒரு நாள் வந்து, மெஷின் கெட்டுப்போகக் கூடாது என்று வெறும் நாற்காலிகளுக்குப் படம் ஓட்டிக்கொண்டிருந்தார். டிக்கெட் கொடுக்கிற அம்மா முகக்கவசம் தைத்து விற்று நாளை ஓட்டினார். இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் உன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நேரடியாகக் கேட்கிறேன். உங்கள் ஸ்டூடியோவின் கப்பல் படம் தியேட்டருக்கு வருகிறதா, இல்லையா? போஸ்டர் ஒட்டுகிறவர் நேற்று வந்து, "அத எப்பவோ ஆன்லைன்ல வித்தாச்சும்மா, உங்க தம்பி சொல்லலியா?" என்று கேட்டார். வசூல் பிரிவிலேயே உட்கார்ந்திருக்கிற தம்பியை வைத்துக்கொண்டு, போஸ்டர்காரர் வாயிலிருந்து செய்தி கேட்க வேண்டியிருக்கிறது. பழைய படங்களைப் போட்டு எத்தனை நாள் தள்ள முடியும்? அந்தப் படம் வந்தால் இந்தத் தியேட்டர் பிழைக்கும். வராவிட்டால் மூட வேண்டியதுதான். இவ்வளவுதான் என் நிலைமை.

இன்னொன்று. ஒரு கிடங்குக்காரர் விடாமல் போன் செய்கிறார். நாற்காலிகளைப் பிடுங்கிவிட்டு உள்ளே குளிர்சாதனப் பெட்டிகளை அடுக்க வேண்டுமாம். என் புது நம்பர் நாலே பேருக்குத்தான் தெரியும். மூன்று பேரைக் கேட்டுவிட்டேன்.

அன்புடன்,
உன் அக்கா

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இனிமேலும் வீட்டு விலாசத்துக்கே எழுது. அலுவலக முகவரிக்கோ மெயிலுக்கோ வேண்டாம். இங்கே இப்போது யார் எதைப் படிக்கிறார்கள் என்று சொல்ல முடியவில்லை.

கிடங்குக்காரரைப் பற்றி எனக்குத் தெரியாது. நம்பர் யாரிடமிருந்து வேண்டுமானாலும் போயிருக்கலாம். அதை வைத்து என்னைக் கூண்டில் ஏற்றாதே.

கப்பல் படத்தை இன்னும் விற்கவில்லை. ஆனால் பேச்சு நடக்கிறது. எங்கள் நிலைமையையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். முந்தின வருடம் தியேட்டர்களிலிருந்து நூறு ரூபாய் வந்த இடத்தில், போன வருடம் பதினேழுதான் வந்திருக்கிறது. முடித்து வைத்த ஆறு படங்கள் பெட்டியில் தூங்குகின்றன. அவற்றுக்கு வாங்கிய கடன் தூங்கவில்லை. எங்கள் பிரிவில் முப்பத்திரண்டு பேர் இருந்தோம். இப்போது ஒன்பது பேர். தரையில் மஞ்சள் டேப் ஒட்டி, ஆளுக்கு ஒரு மூலையில் உட்கார வைத்திருக்கிறார்கள். ஒருவர் இருமினால் மற்ற எட்டுப் பேரும் திரும்பிப் பார்க்கிறோம். ஆன்லைன் பிரிவுக்காரர்கள் மட்டும் மாடியில் புது நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறார்கள்.

இதை யாரிடமும் சொல்லாதே. நாற்பது தியேட்டர்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அவற்றில் பழைய படங்களுக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று இரண்டு வாரம் பார்ப்பார்கள். ஜனங்கள் வந்தால் கப்பல் படம் தியேட்டருக்கு, வராவிட்டால் ஆன்லைனுக்கு. அறிக்கை எழுதப் போகிறவன் நான். நம் தியேட்டரையும் பட்டியலில் சேர்த்திருக்கிறேன். அதை நடத்துகிறவள் என் அக்கா என்று இங்கே யாருக்கும் தெரியாது.

ஒரு வேண்டுகோள். அப்பா காலத்தில் எண்பது டிக்கெட் விற்றால் அறுபது என்று எழுதுவோம். எழுதினதில் பாதி என் கையெழுத்து. அந்த வேலை இப்போது வேண்டாம். வந்தது வந்தபடி கணக்கு அனுப்பு. குறைத்துக் காட்டினால் உன் தலையில் நீயே மண்ணைப் போட்டுக்கொள்வாய்.

அன்புடன்,
தம்பி

ஜனவரி 29

அன்புள்ள தம்பிக்கு,

நீ கேட்ட இரண்டு வாரமும் முடிந்தது. குறைத்துக் காட்டுவேன் என்று பயந்தாயே, இப்போது நிம்மதிதானே? காலைக் காட்சிக்கு எண்பதுக்குக் குறையவில்லை. மாலையில் நூறு, நூற்றுப்பத்து. ஜனங்கள் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்து அலுத்துப்போயிருக்கிறார்கள். பழைய படமா, புதுப் படமா என்று யாரும் கேட்கவில்லை.

வாசலில் நெற்றிக்கு நேரே காய்ச்சல் பார்க்கும் கருவியை நீட்டுகிறோம். டிக்கெட் அம்மா அதைத் துப்பாக்கி மாதிரி பிடிக்கிறார். ஒரு பெரியவர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். சிரித்து ரொம்ப நாளாயிற்று.

புதுக் கம்ப்யூட்டர் புரோகிராமும் போட்டாயிற்று. இடைவெளி விட்டு இருக்கைகளை அதுவே பார்த்துக் கொடுக்கிறது. கடைசி வரிசையிலிருந்து முன்னால் நிரப்பிக்கொண்டு வருகிறது. நமக்கு வேலை மிச்சம்.

அப்பாவைப் பற்றி நீ எழுதினது பிடிக்கவில்லை. அந்த எண்பதுக்கும் அறுபதுக்கும் நடுவே இருந்த இருபதில்தான் நீ காலேஜ் போனாய். போகட்டும்.

அறிக்கையை எப்போது கொடுக்கிறாய்? நாங்கள் படத்துக்குக் காத்திருக்கிறோம் என்று நன்றாக அழுத்தி எழுது. உன் மகளுக்கு ஆன்லைன் வகுப்பு ஒத்துக்கொள்கிறதா? கண்ணைக் கெடுத்துக்கொள்ளப் போகிறாள்.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கணக்கைப் பார்த்தேன். நான் மட்டும் அல்ல, எல்லாரும் பார்த்தார்கள். மற்ற முப்பத்தொன்பது தியேட்டர்களிலும் காட்சிக்குச் சராசரி பதினொரு பேர். ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். உன் தியேட்டரில் மட்டும் எண்பது, நூறு. எங்கள் மேலாளர் சுவரில் இருக்கிற வரைபடத்தில் உன் ஊருக்கு ஒரு பச்சைக் குண்டூசி குத்தியிருக்கிறார். "பயப்படாத ஊரு" என்று பெயர் வைத்திருக்கிறார்.

எனக்குத்தான் மூக்கில் வேர்த்தது. இருக்கை வாரியான பட்டியலை வரவழைத்துப் பார்த்தேன்.

எச் வரிசை, பதினான்காம் இருக்கை. அதற்கு முன்னால் என்ன இருக்கிறது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கூரையைத் தாங்குகிற தூண். அங்கே உட்கார்ந்தால் திரையில் கால்வாசிகூடத் தெரியாது. அப்பா அந்த இருக்கையை ஒருநாளும் விற்றதில்லை. இருக்கைப் படத்தில் சிவப்புப் பென்சிலால் அடித்துத்தான் வைத்திருப்பார். உன் புதுப் புரோகிராமுக்குத் தூண் இருப்பது தெரியாது போலிருக்கிறது. இரண்டு வாரம், நாளுக்கு மூன்று காட்சி. நாற்பத்திரண்டு பேர் காசு கொடுத்து அந்த இருக்கையில் உட்கார்ந்து, தூணைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருவர்கூடச் சண்டைக்கு வரவில்லை. இடத்தை மாற்றிக்கொடு என்றுகூடக் கேட்கவில்லை.

யார் அக்கா அந்த நாற்பத்திரண்டு பேர்?

வெள்ளிக்கிழமை தலைவர் முன்னால் அறிக்கை படிக்க வேண்டும். அதற்குள் உண்மையைச் சொல். விரைவுத் தபாலில் அனுப்பு.

தம்பி

பிப்ரவரி 8

தம்பிக்கு,

நான்தான். நாற்பத்திரண்டும் நான்தான். அந்தத் தூணை மறந்துபோனேன். இங்கேயே கிடக்கிறவளுக்கு மறந்தது, விட்டுப் போனவனுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது.

உண்மைதானே வேண்டும்? முதல் நாள் காலைக் காட்சிக்கு ஏழு பேர். அதில் இரண்டு பேர் காதலர்கள், ஒருவர் வெயிலுக்கு ஒதுங்கியவர், இன்னொருவர் டிக்கெட் அம்மாவின் அண்ணன். மாலைக் காட்சிக்குப் பதின்மூன்று. அதற்கு மேல் ஏறவே இல்லை. கையிலிருக்கிற விரல்களுக்குமேல் கால்விரல்களையும் சேர்த்தால் எண்ணிவிடலாம். ஆபரேட்டர் கீழே இறங்கி வந்து, "என்னம்மா, நம்மள யாரும் தேடவே இல்லியா?" என்று கேட்டார். மேலே அறைக்குப் போனேன். கம்ப்யூட்டரைத் திறந்து, ஒவ்வொரு காட்சிக்கும் எண்பது, நூறு ஆகிற வரைக்கும் நானே வாங்கினேன். புது ஸ்பீக்கருக்குச் சேர்த்து வைத்திருந்த பணம். எல்லாரும் இருந்ததைக் குறைத்துக் காட்டுகிற தொழிலில், இல்லாததைக் காசு போட்டுக் கூட்டிக் காட்டிய முட்டாள் நான் ஒருத்திதான் இருப்பேன்.

செய்தது தப்பு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாற்பது தியேட்டரில் என் தியேட்டருக்கு மட்டும்தானே இருக்கை வாரியாகப் பட்டியல் கேட்டாய்? ஊரான் சொன்னால் நம்பியிருப்பாய். அக்கா சொன்னதால் துருவிப் பார்த்திருக்கிறாய்.

இப்போது என் முறை. நேற்று கிடங்குக்காரர் நேரிலேயே வந்தார். கட்டடத்தை அப்பா நம் இரண்டு பேர் பெயரிலும் எழுதி வைத்திருப்பதால், இரண்டு கையெழுத்து கேட்கிற ஒரு ஒப்பந்தத்தை மேசையில் வைத்தார். "கையெழுத்துப் போடுங்கம்மா. தம்பி எப்பவோ போட்டுட்டாரு" என்றார். நான் சிரித்தேன். பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். உன் கையெழுத்து. கீழே தேதி, செப்டம்பர் இருபது. ஜனவரியில் எனக்கு என்ன எழுதினாய்? "கிடங்குக்காரரைப் பற்றி எனக்குத் தெரியாது." அந்தக் கடிதத்தையும் ஒப்பந்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டிலும் ஒரே மாதிரி சுழித்திருக்கிறாய்.

நானாவது தியேட்டர் இருக்க வேண்டும் என்று பொய் சொன்னேன். நீ எதற்குச் சொன்னாய்?

அக்கா

பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

ஆமாம், போட்டேன். நம்பர் கொடுத்ததும் நான்தான்.

செப்டம்பரில் பாதிச் சம்பளம்கூட வரவில்லை. தியேட்டர் எல்லாம் இனி அவ்வளவுதான் என்று அலுவலகத்தில் தினமும் பேசினார்கள். அந்த எண்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்தவனே நான்தான். நம்பாமல் எப்படி இருப்பேன்? கிடங்குக்காரர் கூப்பிட்டார், போய்ப் போட்டுவிட்டேன். உன்னிடம் பேசிச் சம்மதிக்க வைக்கலாம் என்றிருந்தேன். உனக்குப் போன் செய்யும்போதெல்லாம் எலி கடித்த மெத்தை, ஊறிப்போன திரை என்று எதையாவது சரி செய்துகொண்டிருந்தாய். சொல்ல வாய் வரவில்லை. பயந்துவிட்டேன். வேறு காரணம் எதுவும் இல்லை. அந்தத் தாளைக் கிழித்துப் போடு.

உன் கடிதம் வருவதற்குள் வெள்ளிக்கிழமை வந்து போய்விட்டது. ஆனால் அது வராமலே எனக்குத் தெரியும். கூட்டத்தில் உன் தியேட்டர் பக்கம் வந்தபோது தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஒரு ஊர்ல வர்றாங்கன்னா எல்லா ஊர்லயும் வருவாங்கய்யா. நாமதான் நல்ல படமா கொடுக்கல" என்றார். நான் வாயைத் திறந்தேன். அப்புறம் மூடிக்கொண்டேன். உனக்காக என்று சொன்னால் அது இன்னொரு பொய். படம் ஆன்லைனுக்குப் போனால் எங்கள் ஒன்பது பேருக்கும் வேலை இல்லை. பச்சைக் குண்டூசியைப் பிடுங்க எனக்கும் மனசு வரவில்லை.

கப்பல் படம் மார்ச் 5 வெள்ளிக்கிழமை தியேட்டருக்கு வருகிறது. உனக்கும் உண்டு. தயவுசெய்து இனி ஒரு டிக்கெட்கூட நீ வாங்காதே.

உன் தம்பி

மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

தாளைக் கிழித்துவிட்டேன், கிடங்குக்காரர் கண் முன்னாலேயே. உன் கையெழுத்து இருந்த துண்டை மட்டும் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை.

உன் மேல் கோபம் இன்னும் தீரவில்லை. ஆனாலும் இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? ஜனங்கள் வந்துவிட்டார்கள். வெள்ளி, சனி, ஞாயிறு, மூன்று நாளும் எல்லாக் காட்சிக்கும் நூற்றிருபது. நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், ஒன்றுகூட நான் வாங்கினது இல்லை. சுற்றுவட்டாரத்தில் மற்ற தியேட்டர்கள் எல்லாம் திறந்த வேகத்தில் மூடிவிட்டன. அந்த ஊர்க்காரர்களும் இங்கேதான் வருகிறார்கள். இடைவெளி விட்டு நின்று டிக்கெட் வாங்குவதற்குப் போட்ட சுண்ணாம்பு வட்டங்கள் தெருமுனை தாண்டிப் போய்விட்டன. சனிக்கிழமை டிக்கெட் அம்மாவுக்குக் கை வலி கண்டுவிட்டது. ஆபரேட்டர் இடைவேளையில் ஜன்னல் வழியாகத் தலைகளைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார்.

தூண் இருக்கையை அடைத்துத்தான் வைத்திருந்தேன். ஒரு லாரி ஓட்டுநர் ஒற்றைக்காலில் நின்றார். "தூணா இருந்தாலும் பரவாயில்லங்க. சத்தமாவது கேக்கும்ல" என்றார். திறந்து கொடுத்தேன். மறுநாள் அதையே இன்னொருவரும் கேட்டு வாங்கினார். அதனால் கணக்கில் எச் பதினான்கு இருக்கும். பார்த்துவிட்டு மறுபடி மூக்கை நுழைக்காதே.

அன்புடன்,
அக்கா

மார்ச் 15

அக்காவுக்கு,

படம் விழுந்துவிட்டது. உன் தியேட்டரைத் தவிர எல்லா இடத்திலும். இந்த மாதிரிப் படத்துக்கு முன்பெல்லாம் வருவதில் நாலில் ஒரு பங்குகூட வரவில்லை. அடுத்த ஐந்து படங்களையும் ஆன்லைனுக்கு விற்கப் பேசி முடித்துவிட்டார்கள். நாற்பது தியேட்டர் அறிக்கையை யார் எழுதினது, எப்படி எழுதினது என்று விசாரணை வைத்திருக்கிறார்கள். மேலாளர் உன் ஊர்க் குண்டூசியைக் காட்டி, "இது மட்டும் எப்படிப்பா எப்பவும் பச்சையாவே இருக்கு?" என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

மற்ற எல்லாத் தியேட்டர்களும் காலியாக இருக்கும்போது உன்னிடம் மட்டும் நிறைகிறது. தூணுக்குப் பின்னால் உட்கார ஒருவர் கெஞ்சினார், மறுநாள் இன்னொருவரும் கெஞ்சினார் என்கிறாய். திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். நம்ப வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. நம்ப முடியவில்லை அக்கா.

வெள்ளிக்கிழமை எங்கள் பிரதிநிதி வருவார். வாசலில் நின்று தலை எண்ணுவார். அந்த உத்தரவில் கையெழுத்து என்னுடையதுதான். எண்ணிக்கை பொய் என்றால் அன்றைக்கே படத்தை நிறுத்திவிடுவார்கள், அதற்கப்புறம் எந்த ஸ்டூடியோவும் உனக்குப் படம் தராது. ஏதாவது இருந்தால் இப்போதே சொல்லிவிடு.

தம்பி

மார்ச் 20

அனுப்புநர்:
உரிமையாளர்.

பெறுநர்:
வசூல் பிரிவு அலுவலர் அவர்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: பிரதிநிதி நேரில் எண்ணியது – விவரம் தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் கடிதம், மார்ச் 15.

தங்கள் பிரதிநிதி நேற்று வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். நல்ல மனிதர். மூன்று காட்சியும் வாசலில் நின்றும், விளக்கு அணைவதற்கு முன் உள்ளே நடந்தும் எண்ணினார். காலைக் காட்சி நூற்றிருபது. மதியம் நூற்றிருபது. இரண்டும் கணக்கோடு ஒத்துப்போயின. டிக்கெட் கொடுக்கிற அம்மாவிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். இணைத்துள்ளேன். படத்தை மேலும் இரண்டு வாரம் ஓட்டலாம் என்று அவருக்கே தங்கள் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. அதற்கு நன்றி.

மாலைக் காட்சியில் ஒரு சிறு வித்தியாசம் வந்தது. விற்றது நூற்றுப் பதின்மூன்று. அவர் எண்ணினபோது உள்ளே நூற்றுப் பதினான்கு பேர். மறுபடி எண்ணினார். பிறகு, பின் சுவரோரம் நின்றுகொண்டிருந்த ஒரு பெண்மணியிடம் வந்து, "அம்மா, நீங்க டிக்கெட் எடுத்தீங்களா?" என்று கேட்டார். எல்லாருக்கும் முகக்கவசம் இருந்ததால் அவருக்கு ஆள் தெரியவில்லை. அந்தப் பெண்மணி இத்தனை வருடமாக அந்த இடத்தில் நின்றுதான் எல்லாப் படத்தையும் பார்த்திருக்கிறார். ஒருவரும் டிக்கெட் கேட்டதில்லை. அவரும் தான் யார் என்று சொல்லவில்லை. சொன்னால் நம்புவார்களா என்ற சந்தேகம் அவருக்கு வந்துவிட்டது. வெளியே போய், வட்டத்தில் நின்று, காசு கொடுத்து ஒரு டிக்கெட் வாங்கி, உள்ளே வந்து உட்கார்ந்தார். டிக்கெட் கொடுத்த அம்மா அழுதுவிட்டார்.

ஆகவே மாலைக் காட்சிக்கு விற்ற டிக்கெட் நூற்றுப் பதினான்கு என்று தங்களுக்கு வரும். பிரதிநிதியின் எண்ணிக்கையும் நூற்றுப் பதினான்குதான். இரண்டும் சரியாக இருப்பதால் தங்களுக்குச் சந்தேகம் வராது. இருந்தாலும் மறைக்கக் கூடாது என்பதால் எழுதுகிறேன். அதில் ஒன்று நான் வாங்கினது. கழித்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
உரிமையாளர்